நான் சொன்ன அமைதி

அந்தக் காலத்தில் எங்கள் பழைய கட்டிடத்தில் ஒரு மனுஷி தலைவலி என்று நிம்மதியாகப் படுக்க முடியாது. மூன்று மாடி, மாடிக்கு இரண்டு வீடு. சாயங்காலமானால் எல்லாக் கதவும் திறந்தே கிடக்கும். மேல்மாடியில் யாராவது உரக்கச் சிரித்தால், தெருவை ஒட்டிய கடையில் முடிவெட்டுகிறவர் கத்தரியை நிறுத்திவிட்டு, "என்னவாம்?" என்று அண்ணாந்து கேட்பார். நான் அப்போதெல்லாம் எரிந்து விழுவேன். "இது வீடா, சந்தைக்கடையா?" என்று படியில் நின்று கத்தியிருக்கிறேன். இப்போது நான் இருக்கும் கட்டிடத்தில் லிஃப்ட் இருக்கிறது, தரை வழவழவென்று இருக்கிறது, இருமல் சத்தம்கூடக் கேட்காது. பக்கத்து வீட்டில் யார் என்று கேட்டால் கதவு எண்ணைத்தான் சொல்ல முடியும். அந்தச் சந்தைக்கடைக்காக நான் ஏங்குகிறேன். சொல்ல எனக்கென்ன வெட்கம்?

ஆற்றோரத்துச் சரக்கு யார்டில் முதலுதவி அறை என் பொறுப்பில் இருந்தது. பெரிய படிப்பெல்லாம் இல்லை. கட்டுப் போடுவேன், ஊசி போடுவேன், பிரஷர் பார்த்துப் பதிவேட்டில் எழுதி வைப்பேன். டாக்டர் திங்கட்கிழமைகளில் மட்டும் வந்து கையெழுத்துப் போடுவார். அங்கே எல்லோருக்கும் நான் 'சிஸ்டர்'. முதுகுக்குப் பின்னால் 'ஊசியம்மா'. இரண்டுமே எனக்குத் தெரியும்.

என் வீட்டுக்கு நேர் மேல்மாடியில் குடியிருந்தவர் யார்டின் கிரேன் ஆப்பரேட்டர். படகில் வருகிற இரும்புக் குழாய்க் கட்டுகளைத் தூக்கி லாரியில் இறக்குவார். காலையில் நூற்று அறுபத்தெட்டு இரும்புப் படி ஏறிக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் இறங்குவார். ஆள் கல்லுளிமங்கன். பத்து கேள்வி கேட்டால் ஒரு 'ம்' வரும். அதற்கெல்லாம் சேர்த்து வைத்துப் பேசுகிற ஒரு மச்சினன், அவர் மனைவியின் தம்பி. கிரேனுக்குக் கீழே நின்று கை காட்டுகிற சிக்னல்காரன். யார்டில் அவனுக்கு வைத்த பெயர் கையாட்டி. விரலை மேலே சுழற்றினால் தூக்கு, கீழே சுழற்றினால் இறக்கு, கையை அகல நீட்டி உள்ளங்கையைக் கவிழ்த்தால் நிறுத்து. மேலே இருக்கிறவருக்குக் கட்டு எங்கே போய் உட்காருகிறது என்று சரியாகத் தெரியாது. இவன் கைதான் அவருக்குக் கண். பதினாறு வருஷம் இப்படியே ஓடியது.

மத்தியானம் அவருக்குச் சாப்பாடு கயிற்றில் போகும். கையாட்டி அடுக்கு டப்பாவைக் கட்டி விடுவான், அவர் மேலே இழுத்துக்கொள்வார். இவன் கீழே ஒரு குழாய் மேல் உட்கார்ந்து தன் டப்பாவைத் திறப்பான். அக்கா கைச் சமையல்தான் இரண்டு டப்பாவிலும். "இன்னிக்குப் பருப்பு பிரமாதம் மாமா!" என்று இங்கிருந்து கத்துவான். அங்கிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து ஆடும். சாயங்காலம் அக்கா வீட்டில் சீட்டாட்டம். அவர், கையாட்டி, முடிவெட்டுகிறவர், எதிர்வீட்டு டைப்பிஸ்ட் அம்மா. நடுவில் வறுத்த கடலை. தினமும் ஜெயிப்பது டைப்பிஸ்ட் அம்மா, தினமும் சண்டை போடுவது கையாட்டி. ஆப்பரேட்டர் வாயே திறக்க மாட்டார், ஆனால் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருப்பார். அவர் மனைவி பக்கத்து அறையில் தலையணை உறை தைத்துக்கொண்டே எல்லோருக்கும் பதில் சொல்வாள். அந்தத் தையல் மெஷின் சத்தம் என் கூரையில்தான் இறங்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. ஒரு நாள் காலை, ஆப்பரேட்டர் இறக்கிய குழாய்க் கட்டு நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் லாரியின் மேல்விளிம்பை இடித்துவிட்டது. தகரம் நசுங்கியதோடு சரி, யாருக்கும் அடியில்லை. சூப்பர்வைசர் விசாரித்தார். கையாட்டி சொன்னது ஒரே வரி. "நான் நிறுத்தச் சொல்லித்தான் கை காட்டினேன் சார்."

அது உண்மைதான். ஆனால் ஆப்பரேட்டருக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. பதினாறு வருஷத்தில் மேலேயும் கீழேயும் தப்பு நடக்காமலா இருந்தது? ஒருத்தர் தப்பை ஒருத்தர் மூடித்தான் வந்திருக்கிறார்கள். அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கூடவே, என்னிடம் அனுப்பிப் பிரஷர் பார்க்கச் சொன்னார்கள். பட்டையைச் சுற்றிப் பாதரசத்தை ஏற்றி இறக்கினேன். நூற்று எழுபத்திரண்டு, கீழே நூற்று ஆறு. நம்பாமல் மறுபடி பார்த்தேன். அதேதான்.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். "ஆறு வாரம் மேல ஏறக் கூடாது. டூல் ரூம்ல உக்காருங்க. ஆறாவது வாரம் பாப்பேன். நூத்தி நாப்பதுக்குக் கீழ இருந்தா கூண்டு. இல்லன்னா நிரந்தரமா டூல் ரூம்தான்."

ஆப்பரேட்டர் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் அவர் மனைவி படியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். கையில் நூல்கண்டு, கண்ணெல்லாம் சிவப்பு.

"அக்கா, அந்தக் கூண்டு போச்சுன்னா இந்த மனுஷன் போயிடுவாருக்கா. ஸ்பேனர் எடுத்துக் குடுத்துட்டு உக்காந்திருக்கிற ஆளா இவரு? நான் என்ன பண்ணணும் சொல்லுங்க. என்ன வேணா பண்றேன்."

நான் பெரிய மேதாவி மாதிரி விரல் விட்டுச் சொன்னேன். "உப்பக் குறை. மாத்திரைய நேரத்துக்குக் குடு. அப்புறம், முக்கியமா, அமைதி வேணும். டென்ஷன் கூடாது. வீட்ட அமைதியா வச்சுக்க."

"அமைதியா வச்சுக்கணும்."

"ஆமா. சத்தம், சண்டை, வாக்குவாதம் எதுவும் ஆகாது."

அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அந்தத் தலையாட்டலை இன்றைக்கு நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள் அவள். ஒரு அங்குலம் என்றால் ஒரு அங்குலம் மடித்துத் தைக்கிற கை.

மறுநாளிலிருந்து மேல்மாடிக் கதவு சாத்தியாயிற்று. முதலில் சீட்டுக்கட்டு பரணில் ஏறியது. டைப்பிஸ்ட் அம்மாவிடம் போய், "அவருக்கு உடம்பு சரியாகிற வரைக்கும்..." என்று இழுத்தாள். முடிவெட்டுகிறவர் ஒரு நாள் கடலைப் பொட்டலத்தோடு போய்க் கதவைத் தட்டிவிட்டுப் பொட்டலத்தோடேயே இறங்கி வந்தார். ஆப்பரேட்டர் வீட்டிலிருக்கும் நேரத்தில் தையல் மெஷினைக்கூட அவள் ஓட்டவில்லை. ரேடியோ பேசவில்லை. சுவர்க் கடிகாரம் மணிக்கு ஒருதரம் அடிக்கும், அதையும் நிறுத்திவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. என் கூரைக்கு மேலே ஆள் இருக்கிறார்களா இல்லையா என்றே தெரியவில்லை. ஆகா, இப்போதாவது தூங்கலாம் என்று நான் சந்தோஷப்பட்டேன். பொய் சொல்வானேன்?

மூன்று வாரம் கழித்துப் பார்த்தேன். நூற்று அறுபத்தெட்டு, நூற்று இரண்டு.

"மாத்திரை போடறீங்களா?"

"ம்."

"உப்பு?"

"சோத்துல உப்பு இருந்த ஞாபகமே இல்ல சிஸ்டர்."

அதுவே அவருக்கு நீளமான பேச்சு. எனக்கு எரிச்சல் வந்தது. "அப்புறம் ஏன் இறங்கல? ஒளிச்சு ஒளிச்சு ஏதாவது சாப்பிடறீங்களா?"

அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். "நான் பேசறவன் இல்ல, எல்லாருக்கும் தெரியும். ஆனா யாராவது பேசிட்டிருந்தா பக்கத்துல உக்காந்திருப்பேன். இப்ப யாருமே வரதில்ல. கீழ இறக்கிட்டாங்கன்னதும் ஆளுங்க ஒதுங்கிட்டாங்க. அவன்கூட. மாப்ள. பண்ணதயும் பண்ணிட்டு ஒரு நாள் எட்டிப் பாத்தானா? நானா போய்க் கூப்பிடணும்?"

"நீங்க கூப்பிட்டா என்ன கொறஞ்சு போயிடுவீங்க?"

"ம்" என்று எழுந்து போய்விட்டார். ராத்திரியெல்லாம் சரியாகத் தூங்கினாரா என்று கேட்க மறந்துவிட்டேன். கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

அன்று மத்தியானம் கையாட்டியைத் தேடிக்கொண்டு போனேன். வெயில் இரும்பில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. அவன் வழக்கமான குழாய் மேல் உட்கார்ந்து, கடையில் வாங்கிய ரொட்டியைத் தண்ணீரில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தான். மேலே கூண்டில் வேறு யாரோ ஒரு ஆப்பரேட்டர்.

"என்னடா, அக்கா வீட்டு டப்பா எங்க?"

"அக்காதான் வர வேணாம்னுட்டாளே சிஸ்டர்."

"யாரு, உங்கக்காவா?"

"ஆமா. 'நீ வந்தா கத்துவ. அவருக்குக் கோவம் வரும். பிரஷர் ஏறிடும். சரியாகிற வரைக்கும் படியே ஏறாத'ன்னுட்டா. நீங்க சொன்னதாத்தான் சொன்னா. அமைதியா இருக்கணும்னு." ரொட்டியை மென்றபடி என்னை நிமிர்ந்து பார்த்தான். "மாமாவும் என் மூஞ்சிய பாக்க விரும்பலன்னு நினைச்சுக்கிட்டேன். டூல் ரூம் வாசல் வரைக்கும் மூணு தடவை போயிட்டுத் திரும்பியிருக்கேன் சிஸ்டர். உள்ள போகக் கால் வரல."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, நான் பிடித்தது அதைவிட மோசம். ஒரு மனுஷனின் உடம்பைத் தாங்கிக்கொண்டிருந்ததையெல்லாம் நானே ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு, அளவு ஏன் இறங்கவில்லை என்று அவரையே அதட்டியிருக்கிறேன்.

"இன்னிக்குச் சாயங்காலம் மேல போ" என்றேன்.

"சண்டை வரும் சிஸ்டர்."

"வரட்டும். ஊசியம்மா சொன்னான்னு சொல்லு."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. "உங்களுக்குத் தெரியுமா அந்தப் பேரு?"

"போடா."

சாயங்காலம் நல்ல மழை. அவன் நனைந்துகொண்டே படியேறிப் போன சத்தம் கேட்டது. கதவு திறந்தது. பிறகு ஆரம்பித்தது பாருங்கள், கூரை பெயர்ந்து விழுவது போல! கையாட்டி கத்துவது தெரிந்த சத்தம். அதற்கு மேலே இன்னொரு குரல், நான் கேட்டதே இல்லாத குரல். ஆப்பரேட்டருக்கு அப்படியொரு தொண்டை இருப்பது பத்து வருஷமாகக் கீழ்வீட்டில் குடியிருந்த எனக்கே தெரியாது. அவர் மனைவி பாதிப் படி இறங்கி வந்து, "அக்கா, ஓடி வாங்க! நரம்பு வெடிச்சிடும்க்கா!" என்று அலறினாள். பிரஷர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

உள்ளே இரண்டு பேரும் மேஜைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்றிருந்தார்கள்.

"ஒரு வார்த்தை!" என்றார் ஆப்பரேட்டர். "வெயில்ல கண்ணு கூசிருக்கும்னு சொல்லக் கூடாதா? காத்து அடிச்சுதுன்னு சொல்லக் கூடாதா? பதினாறு வருஷம்டா!"

"சொல்லியிருக்கலாம் மாமா! சொன்னா மறுநாளே உங்கள மேல ஏத்தியிருப்பாங்க!"

"அதுக்கு?"

"அதுக்கா?" கையாட்டியின் முகத்திலிருந்து மழைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "நான் கைய நீட்டிக்கிட்டே நிக்கறேன். கட்டு வந்துக்கிட்டே இருக்கு. மேல பாக்கறேன், உங்க மஞ்சத் தொப்பி கண்ணாடியில சாஞ்சு ஒட்டிக்கிட்டிருக்கு. அசையல. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலு எண்ணினேன் மாமா. அப்புறம்தான் தொப்பி நிமிந்துச்சு. சூப்பர்வைசர் கேட்டப்ப நான் கை காட்டினத மட்டும்தான் சொன்னேன். தொப்பிய சொல்லவே இல்ல. சொல்லியிருந்தா அன்னிக்கே உங்க சீட்ட கிழிச்சிருப்பாங்க. உங்கள ஒரு தடவை டாக்டர் பாத்தாப் போதும்னு நினைச்சேன். தப்பா?"

ஆப்பரேட்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "நீ அப்ப எங்க நின்னுக்கிட்டிருந்த?"

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"லாரிக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"ஒதுங்கிட்டேன் மாமா. விடுங்க. ஒதுங்கினதாலதானே இங்க நின்னு கத்திக்கிட்டிருக்கேன்."

அவன் அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. "ஏன்டா பாவி, என்கிட்ட சொல்லல?" என்று அவன் தோளில் நாலு அடி போட்டாள். அழுதுகொண்டேதான்.

"எங்க வந்து சொல்றது? நீதான் படியே ஏறாதன்னியே!"

ஆப்பரேட்டர் திரும்பினார். "நீயா சொன்ன? நான் அவனா வரலன்னுல்ல நினைச்சேன்!"

"நானா சொல்வேனா? இவங்கதான் அமைதி வேணும்னாங்க!" அவள் விரல் என் பக்கம் நீண்டது. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, திருடியைப் போல நின்றேன்.

"ஆமா, நான்தான் சொன்னேன்" என்றேன். "தப்புதான். அதுக்கு என்ன பண்ணணுங்கறீங்க இப்ப? உக்காருங்க எல்லாரும்."

மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அவள் துண்டு கொண்டுவந்து தம்பியின் தலையைத் துவட்டினாள், அவனும் குழந்தை மாதிரி காட்டினான். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும். பிறகு தட்டு போட்டுப் பரிமாறினாள். கையாட்டி ஒரு வாய் வைத்தான், கண்ணை உருட்டினான், மாமாவைப் பார்த்தான். "மாமா, மூணு வாரமா இதையா சாப்பிடறீங்க? இது சாப்பாடா, தண்டனையா?"

ஆப்பரேட்டரின் தோள் குலுங்க ஆரம்பித்தது. முதலில் அழுகிறாரோ என்று பயந்தேன். சிரிப்புதான். பிறகு எது சிரிப்பு எது அழுகை என்று அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். சத்தம் கேட்டு டைப்பிஸ்ட் அம்மா கதவருகில் வந்து நின்றாள். "உள்ள வரலாமா, இல்ல இன்னும் உடம்பு சரியில்லையா?" என்று குத்தலாகக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் உட்கார்ந்தாள். பரணிலிருந்து சீட்டுக்கட்டு இறங்கியது.

ஒரு மணி நேரம் போகட்டும் என்று காத்திருந்து பட்டையைக் கட்டினேன். "யாரும் பேசக் கூடாது, அளவு தப்பாயிடும்" என்றேன். எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். கையாட்டி மட்டும் எதிரில் உட்கார்ந்தபடி விரலைக் கீழ்நோக்கி மெல்லச் சுழற்றினான். இறக்கு, இறக்கு. ஆப்பரேட்டர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு! நூற்று நாற்பத்தெட்டு, தொண்ணூற்று இரண்டு.

"உடனே ஆடாதீங்க" என்றேன். "மூணு வாரமா மாத்திரையும் உள்ள போயிருக்கு. அதுவும் வேலை செய்யும்." ஆனால் காலையில் என் அறையில் நூற்று அறுபத்தெட்டு காட்டியபோதும் அந்த மாத்திரை அவருக்குள்ளேதான் இருந்தது என்பது எனக்குத் தெரியாதா?

அடுத்த மூன்று வாரமும் மாடிப்படி பழையபடி ஆனது. கயிற்றில் போகாவிட்டாலும் இரண்டு டப்பாவும் டூல் ரூமில் ஒரே பெஞ்சில் திறந்தன. தையல் மெஷின் என் கூரையில் ஓடியது. உப்பு மட்டும் பழைய அளவுக்கு வரவிடவில்லை; அதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. முடிவெட்டுகிறவர் கொண்டுவரும் கடலையையும் உப்பில்லாமல் வறுக்கச் சொன்னேன். "மனுஷன் திம்பானா இதை?" என்று எல்லோரும் என்னை வைதுகொண்டே தின்றார்கள். நானும் அங்கே போய் உட்காரத் தொடங்கியிருந்தேன். வாரா வாரம் அளவு இறங்கியது. நூற்று நாற்பத்திரண்டு. நூற்று முப்பத்தெட்டு.

அளவு இறங்க இறங்க எனக்குள் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. அந்தத் தொப்பி. தலைசுற்றியதை டாக்டரிடம் சொன்னால் நூற்று இருபது இருந்தாலும் கூண்டு கிடையாது. சொல்லாமல் விட்டால், மறுபடி ஒரு நாலு எண்ணிக்கை வந்தால்? நான் அதைக் கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு கேட்காத மாதிரி இருக்க முடியுமா? கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி என் வீட்டுக்கு வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நாளைக்கு டாக்டர் பாக்கறாரு."

"தெரியும்."

"அன்னிக்கு அவன் கோவத்துல ஏதேதோ சொன்னான்..."

"கோவத்துல சொல்லல. நடந்ததச் சொன்னான்."

அவள் கையை எடுக்கவில்லை. "அந்தக் கூண்டுல பத்தொம்பது வருஷம்க்கா. காலையில அந்தப் படிய நினைச்சுக்கிட்டே எழுந்திருப்பாரு. மேல இருந்து பாத்தா ஆறு வளையற இடம் தெரியும்னு கல்யாணமான புதுசுல சொன்னாரு. அவரு என்கிட்ட அவ்வளவு நீளமா பேசினது அது ஒண்ணுதான். நான் எதுவும் கேக்கல உங்கள. கேக்கவும் எனக்கு நியாயமில்ல. கீழ நிக்கறது என் தம்பி."

அவள் போன பிறகு அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். காலையில் ஒரு முடிவோடு எழுந்தேன். அவர் சொல்லாவிட்டால் நான் சொல்வது. அதற்குப் பிறகு அந்தக் கதவு எனக்குத் திறக்காது. பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டேன். அது பொய்.

திங்கட்கிழமை டாக்டர் தானே பட்டையைக் கட்டினார். ஒருதரம் பார்த்தார், ஐந்து நிமிஷம் விட்டு மறுதரம் பார்த்தார். "நூத்தி முப்பத்தாறு, எண்பத்தி நாலு! பேஷ். என்ன பண்ணீங்க?" பேனாவைத் திறந்து பதிவேட்டை இழுத்தார். "நாளையிலிருந்து ஏறலாம்."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஆப்பரேட்டர், "சார், ஒரு நிமிஷம்" என்றார்.

பேனா நின்றது.

"அந்தக் கட்டு இடிச்ச அன்னிக்கு எனக்குக் கண்ண இருட்டிக்கிட்டு வந்துச்சு. யார்கிட்டயும் சொல்லல."

"எவ்வளவு நேரம்?"

"எனக்குத் தெரியாது சார். கீழ நின்னவன் நாலு எண்ணியிருக்கான்."

"அதுக்கு முன்னாடி வந்திருக்கா?"

"ரெண்டு தடவை. படியில. கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டேன்."

டாக்டர் பேனாவை மூடினார். "இத நீங்க சொல்லலன்னா நான் ஏறலாம்னு கையெழுத்துப் போட்டிருப்பேன். சொன்னதுக்கப்புறம் போட முடியாது. தெரியுதா?"

"தெரியும் சார்."

"தலைக்குத் தனியா டெஸ்ட் எடுக்கணும். ஆனா கூண்டு இனிமே இல்ல. அப்புறம் ஏன் சொன்னீங்க?"

ஆப்பரேட்டர் சட்டைக் கைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். அது துளையில் நுழையவே மாட்டேன் என்றது. "கீழ நிக்கிறவன் தினமும் எங்க வீட்ல எனக்கு எதிர்ல உக்காந்து சாப்பிடறான் சார்" என்றார். "அவன் மூஞ்சிய பாத்துட்டு மேல ஏற முடியல."

நான் எழுந்து போய் அந்தப் பொத்தானைப் போட்டுவிட்டேன்.

கையாட்டி வெளியே வேப்பமர நிழலில் தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு நின்றான். ஆப்பரேட்டர் வெளியே போனதும் அவர்கள் பேசியதெல்லாம் ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது.

"எவ்வளவு மாமா?"

"நூத்தி முப்பத்தாறு."

அவன் போட்ட கூச்சலில் காகங்கள் பறந்தன. மாமாவைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினான். "நாளைக்கே ஏறணுமா? படிய கழுவி வைக்கச் சொல்றேன்! டப்பாவுக்குப் புதுக் கயிறு..."

"ஏறல."

"என்ன?"

"தொப்பி சாஞ்சதச் சொல்லிட்டேன்."

கையாட்டி மாமாவை விட்டு ஓரடி பின்வாங்கினான். பிறகு வெடித்தான். "மூளை இருக்கா மாமா உங்களுக்கு? நான் ஒருத்தன்கிட்டயும் சொல்லாம வயித்துக்குள்ள வச்சிருந்தேனே! நான் சமாளிச்சிருப்பேன்ல? ரெண்டு அடி தள்ளி நின்னிருப்பேன்ல?" திட்டிக்கொண்டே இருந்தவனுக்குக் குரல் உடைந்துபோயிற்று. தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

"சரி, சரி, கத்தாத. வா, பசிக்குது" என்றார் ஆப்பரேட்டர்.

இரண்டு பேரும் டூல் ரூம் பக்கம் நடந்தார்கள். போகிற வழியெல்லாம் அவன் திட்டு நிற்கவில்லை. நான் அழுதுகொண்டுதான் பதிவேட்டை என் பக்கம் திருப்பினேன். டாக்டர் அளவுக்குக் கீழே கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போயிருந்தார், முடிவை நான் எழுத வேண்டும். பிற்பாடு அந்தப் பக்கத்தை யாராவது புரட்டியிருந்தால், நூற்று முப்பத்தாறு என்ற நல்ல அளவுக்கு நேரே 'ஏறத் தகுதியில்லை' என்று இருப்பதைப் பார்த்து, ஊசியம்மா ஏதோ தப்பாக எழுதிவிட்டாள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.